இரண்டு நட்சத்திரங்களின் காற்று மோதுகிறது என்று எப்படித் தெரியும்? 8 அங்குல டெலஸ்கோப்பில் அதில் ஏதாவது தெரியுமா?

ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த, டபிள்யூஆர் 140 என்ற இரட்டை நட்சத்திரத்தின் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்கள்: இரண்டு நட்சத்திரங்களும் தனித்தனியாகவே தெரியாதபோது, அவற்றுக்கு நடுவில் காற்று மோதுகிறது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? உங்களிடம் இருக்கும் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் இதில் ஏதாவது பார்க்க முடியுமா? கேள்வி இரண்டு போலத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் சந்தேகம் ஒன்றுதான். இது கண்ட விஷயமா, கணக்குப் போட்ட விஷயமா? நியாயமான சந்தேகம். நான் நிறமாலை எடுப்பதில், அதாவது நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவதில், பயிற்சி பெற்று, பல வருடங்களாக அதைச் செய்து வருபவன். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பக்கம் எனக்குக் கைப்பழக்கம் உண்டு. எக்ஸ் கதிர், ரேடியோ பக்கமெல்லாம் மற்றவர்கள் வெளியிட்டதைப் படித்து ஒப்பிட்டுப் பார்த்த அளவுதான். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் நீங்கள் பார்த்த படம். அது நிஜப் படம்தான். ஆனால் அதில் இருப்பது மோதல் அல்ல, மோதலில் உண்டான தூசி. வெப் அதை 2022 ஜூலையில் அகச்சிவப்பில் எடுத்தது. நிறங்கள் நம் வசதிக்காகக் கொடுக்கப்பட்டவை, நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒளி முனைகள் தொலைநோக்கியின் கண்ணாடி அமைப்பால் வருபவை. இவை இரண்டையும் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒன்றுக்குள் ஒன்றாகக் குறைந்தது 17 வளையங்கள். ஏறக்குறைய எட்டு வருடத்துக்கு ஒரு வளையம் வீதம், நூறு வருடத்துக்கும் மேலான கணக்கு ஒரே படத்தில் இருக்கிறது. 2023 செப்டம்பரில் மறுபடி எடுத்துப் பார்த்தபோது, அந்தப் பதினான்கு மாதத்தில் வளையங்கள் வெளிப்பக்கம் நகர்ந்திருந்தது அப்படியே தெரிந்தது. வேகம் விநாடிக்குச் சுமார் 2,600 கிலோமீட்டர். ஆக, தூசி இருக்கிறது, அது தவணை முறையில் வருகிறது, நகர்கிறது என்பதில் சந்தேகமே வேண்டாம். அது ஏன் எட்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிறது என்பதற்குத்தான் இரண்டு நட்சத்திரங்கள் தேவைப்படுகின்றன.

டபிள்யூஆர் 140 இருப்பது சிக்னஸ் மண்டலத்தில், 5,000 ஒளியாண்டுகளுக்கு அப்பால். ஒன்று வுல்ஃப்-ராயே வகை நட்சத்திரம். ஹைட்ரஜன் போர்வையை ஏற்கெனவே இழந்து, உள்ளே சமைந்த கார்பனை வெளியே காட்டிக்கொண்டிருப்பது. இன்றைக்கு அதன் நிறை சுமார் 10 சூரியன். இன்னொன்று மிக வெப்பமான, பிரகாசமான ஓ வகை, சுமார் 30 சூரியன் நிறை. ஒன்றையொன்று 7.93 வருடத்தில் சுற்றுகின்றன. பாதை வட்டமே அல்ல, மிகவும் நீண்ட நீள்வட்டம். கிட்டே வரும்போது இடைவெளி ஏறக்குறைய ஒன்றரை வானியல் அலகு (ஒரு அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்), விலகிப் போகும்போது 25-க்கும் மேல். பூமியிலிருந்து பார்த்தால் பாதையின் பாதி நீளம் ஒரு ஆர்க் விநாடியில் (அதாவது ஒரு டிகிரியை 3,600-ஆகப் பிரித்தால் வரும் கோணத்தில்) நூறில் ஒரு பங்குகூட முழுசாக வராது. உங்கள் 8 அங்குலக் கண்ணாடி கோட்பாட்டளவில் பிரித்துக் காட்டக்கூடியது அரை ஆர்க் விநாடிக்குச் சற்று மேல். அதனால் இரண்டும் ஒரே புள்ளிதான். தனித்தனியாகப் பார்க்கக் கலிபோர்னியாவின் சாரா போன்ற, பல தொலைநோக்கிகளின் ஒளியைச் சேர்க்கும் குறுக்கீட்டுமானி வேண்டியிருந்தது.

இப்போது காற்று, அதாவது நட்சத்திரம் வெளியே வீசும் வாயு. சூரியனிலிருந்தும் காற்று வருகிறது, ஆனால் அது ஒரு பொருட்டே இல்லை. இந்த ராட்சத நட்சத்திரங்களில் ஒளியே வாயுவைத் தள்ளுகிறது. அயனிகள் தங்களுக்குரிய அலைநீளத்தில் ஒளியை வாங்கும்போது அதன் உந்தத்தையும் வாங்கிக்கொள்கின்றன. இதற்கு ஒழுங்கான கோட்பாடு 1975-இல் காஸ்டர், அபாட், க்ளைன் மூவரும் எழுதியது, இன்றும் அடித்தளம் அதுதான். வுல்ஃப்-ராயே நட்சத்திரம் ஒன்று லட்சம் வருடத்தில் ஒரு சூரியன் அளவுப் பொருளை வீசிவிடும். சூரியன் இழப்பதைவிடப் பல கோடி மடங்கு. வேகம் விநாடிக்கு 1,500 முதல் 3,000 கிலோமீட்டர் வரை. பக்கத்தில் இன்னொரு நட்சத்திரமும் இப்படியே வீசிக்கொண்டிருந்தால் இரண்டு காற்றும் மோதாமல் இருக்க வழியே இல்லை. இந்த இடம்வரை ஊகம் எதுவும் இல்லை.

மோதும் இடத்தின் வடிவத்தைப் புரிந்துகொள்ள, இரண்டு தண்ணீர்க் குழாய்களை எதிரெதிரே பிடித்து ஒன்றை வேகமாகவும் ஒன்றை மெதுவாகவும் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சந்திக்கும் இடம் பலவீனமான குழாயின் பக்கமாகப் போய்விடும், தண்ணீர் அதைச் சுற்றிக் கூம்பாக வளையும். இங்கே பலவீனமானது ஓ நட்சத்திரம். நிறையில் அது பெரியது, ஆனால் வீசும் காற்று மெலிது. அதனால் மோதலில் உண்டாகும் அதிர்ச்சிக் கூம்பு ஓ நட்சத்திரத்தைச் சுற்றிக்கொண்டு, வுல்ஃப்-ராயேவுக்கு எதிர்த்திசையில் வாய் திறந்து நிற்கிறது. நட்சத்திரங்கள் சுற்றச் சுற்ற இந்தக் கூம்பும் சுற்றும். சில சமயம் அதன் வாய் நம்மை நோக்கி, சில சமயம் நமக்கு எதிர்ப்பக்கம். கண்டுபிடிப்புகள் எல்லாம் இந்த ஒரு சங்கதியிலிருந்துதான் வருகின்றன. மோதலைப் புகைப்படம் எடுப்பதில்லை. சுற்றுப்பாதையோடு தாளம் தப்பாமல் என்னென்ன மாறுகிறது என்று வருடக்கணக்கில் குறித்துக்கொண்டே போகிறார்கள்.

ஒரு தாளம் எக்ஸ் கதிர். 3,000 கிலோமீட்டர் வேகக் காற்று சட்டென்று நின்றால் வாயு பத்துக் கோடி டிகிரி அளவுக்குச் சூடாகும். 1976-இல் பிரிலுட்ஸ்கி, உசோவ் இருவரும், தனியாகச் செரெபாஷ்சுக்கும், இப்படிப்பட்ட ஜோடிகள் எக்ஸ் கதிர் வீசும் என்று முன்கூட்டியே எழுதினார்கள். டபிள்யூஆர் 140-இல் நட்சத்திரங்கள் நெருங்க நெருங்க எக்ஸ் கதிர் கூடிக்கொண்டே போகிறது, இடைவெளி பாதியானால் ஒளிர்வு ஏறத்தாழ இரட்டிப்பு. மிகக் கிட்டே வந்ததும் திடீரென்று விழுந்துவிடுகிறது. ஒரு காரணம், வுல்ஃப்-ராயேவின் அடர்த்தியான காற்று குறுக்கே வந்து மறைப்பது. இன்னொரு காரணம் எனக்கு அதைவிடச் சுவாரசியமானது, அதற்கு அடுத்து வருகிறேன். ரேடியோவில் ஒரு படி மேலே போய், அமெரிக்காவின் கண்டம் அளவு விரிந்த விஎல்பிஏ ஆன்டெனாக்களை வைத்து, மோதல் பகுதியை ஒரு வளைந்த வில்லாகவே படமெடுத்து 2005-இல் வெளியிட்டார்கள். சுற்றுப்பாதை நகர நகர அந்த வில்லும் திரும்பியது. "பார்த்தோம்" என்ற வார்த்தைக்கு மிகக் கிட்டத்தில் வருவது அதுதான்.

இனி என் பக்கம், நிறமாலை. சாதாரண நட்சத்திரத்தின் நிறமாலையில் கறுப்புக் கோடுகள் இருக்கும். வுல்ஃப்-ராயேவில் நேர்மாறாக ஒளிரும் கோடுகள், அதுவும் பட்டையாக. 1867-இல் பாரிஸில் வுல்ஃப், ராயே இருவரும் சிக்னஸிலேயே மூன்று நட்சத்திரங்களில் இதைக் கவனித்ததால்தான் அந்தப் பெயர். கோடு ஏன் பட்டையாகிறது? காற்றின் ஒரு பகுதி நம்மை நோக்கி வருகிறது, ஒரு பகுதி விலகிப் போகிறது, டாப்ளர் விளைவில் கோடு இரண்டு பக்கமும் இழுபடுகிறது. மஞ்சள் பகுதியில், 5,696 ஆங்ஸ்ட்ராம் (ஒளியின் அலைநீளத்தை அளக்கும் அலகு) அலைநீளத்தில், கார்பனின் கோடு ஒன்று உண்டு. அதை வரைபடமாகப் போட்டால் கூர்மையான சிகரம் வராது. செங்குத்தாக ஏறி, உச்சியில் தட்டையாக ஓடி, மறுபடி செங்குத்தாக இறங்கும், மேசை மாதிரி. காற்று முழு வேகத்தை எட்டிய வெளிப்பகுதியில் உண்டாகும் கோடு என்பதால் இந்த வடிவம். வருடக்கணக்கில் அந்தத் தட்டை அப்படியே இருக்கும். பிறகு டபிள்யூஆர் 140 அண்மைப் புள்ளிக்கு, அதாவது இரண்டு நட்சத்திரங்களும் மிகக் கிட்டே நிற்கும் இடத்துக்கு, வரும் சமயம் பார்த்து, தட்டையின் நீலப் பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு திமில் முளைக்கும். நாளுக்கு நாள் பெரிதாகும். நட்சத்திரங்கள் ஒன்றையொன்று கடந்ததும் அது சரசரவென்று சிவப்புப் பக்கம் போய்விடும், அப்புறம் கரைந்துவிடும். கூம்பின் வாய் நம்மை நோக்கி இருந்தபோது அதில் ஓடும் வாயு நம்மை நோக்கி வந்தது, திரும்பியதும் விலகிப் போகிறது, அவ்வளவுதான். திமிலின் நகர்வை வைத்துக் கூம்பின் அகலத்தையும் சுற்றுப்பாதையின் சாய்வையும் கணக்கிடலாம், அந்த எளிய மாதிரியை லூர்ஸ் என்பவர் 1997-இல் கொடுத்தார். நான் மேலே தள்ளிவைத்த சங்கதி இதுதான்: திமில் முளைப்பதும், எக்ஸ் கதிர் வழக்கமான கணக்கிலிருந்து விலகிக் குறையத் தொடங்குவதும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. நெருக்கத்தில் வாயு மிகவும் அடர்த்தியாகி, எக்ஸ் கதிராக வீசவேண்டிய ஆற்றலைச் சாதாரண ஒளியாக வீசிக் குளிர்ந்துவிடுகிறது. இரண்டு வேறு கருவிகள், இரண்டு வேறு குழுக்கள், ஒரே கதை. என்னைக் கேட்டால் அந்த வளையப் படத்தைவிட இந்தப் பொருத்தம்தான் பெரிய சான்று.

இதில் சிறு தொலைநோக்கிகளுக்கும் பங்கு உண்டு. 2009 ஜனவரி அண்மைப் புள்ளியின்போது டெனெரிஃபே தீவில் உள்ள டெய்டே ஆய்வகத்தின் 50 சென்டிமீட்டர் தொலைநோக்கியில், தொழில்முறை ஆய்வாளர்களோடு அமெச்சூர்களும் முறை வைத்து இரவிரவாக நிறமாலை எடுத்தார்கள். அந்தத் தரவு ஆய்விதழில் வந்தது. பெரிய தொலைநோக்கிகளில் ஒரு நட்சத்திரத்துக்காக மாதக்கணக்கில் நேரம் கொடுக்க மாட்டார்கள். தொடர்ந்து பார்ப்பதற்கு ஆள்தான் வேண்டும்.

எது இன்னும் உறுதியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முதலில், எவ்வளவு பொருள் வீசப்படுகிறது என்ற எண். காற்று சீராக வருவதில்லை, கட்டி கட்டியாக வருகிறது. ரேடியோவிலோ உமிழ்கோட்டிலோ அளந்தால் அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளிர்வதால், கட்டிகள் உள்ள காற்று உண்மையைவிட அதிகமாகத் தோன்றும். பழைய கட்டுரைகளில் வரும் எண்களை இரண்டு, மூன்றால் வகுத்துக்கொள்வது நல்லது. இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போக ஒரு அழகான வழி இருக்கிறது. சிக்னஸிலேயே வி444 என்று ஒரு ஜோடி, 4.2 நாளில் ஒன்றையொன்று மறைப்பது. நிறை குறையக் குறைய அதன் சுற்றுக் காலம் மெல்ல நீள்கிறது, வருடத்துக்கு ஒரு விநாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. கிரகணம் எப்போது வருகிறது என்பதைப் பல பத்தாண்டுகள் குறித்து வைத்து, அதிலிருந்து இழப்பைக் கணக்கிட்டார்கள். அங்கே கட்டி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

இரண்டாவது, தூசி. இத்தனை வெப்பமான, புற ஊதாக் கதிர் கொட்டும் இடத்தில் கரித்தூசி எப்படிப் பிழைக்கிறது? மோதலில் வாயு ஆயிரம் மடங்குக்கும் மேல் அமுங்கிக் குளிர்வதால் என்பது பொதுவான பதில், அது பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். ஆனால் ஓ நட்சத்திரத்தின் ஹைட்ரஜன் கலந்தால்தான் தூசி உண்டாகுமா, கார்பன் மட்டும் போதுமா என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மூன்றாவது, 2018-இல் அறிவிக்கப்பட்ட ஏபெப் என்ற ஜோடி. அதன் வாயு விநாடிக்கு 3,400 கிலோமீட்டரில் பாய்கிறது, தூசி வெறும் 570-இல் நகர்கிறது. ஒரு நட்சத்திரம் மிக வேகமாகச் சுழன்று, நடுப்பகுதியில் மட்டும் மெதுவான காற்றை விடுகிறது என்று ஒரு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அது கவர்ச்சியாகத் தோன்றுகிறது, ஆனால் முடிந்த விஷயமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கடைசியாக, டபிள்யூஆர் 104 என்ற இன்னொரு ஜோடி. அது பூமியைக் குறிபார்த்துக் காமாக் கதிரால் சுட்டுவிடும் என்று காணொளிகளில் பயமுறுத்துவார்கள். அதன் தூசிச் சுருள் நமக்கு நேர்முகமாகத் தெரிந்ததால் வந்த பயம் அது. கெக் ஆய்வகத்தில் எடுத்த நிறமாலையை வைத்து 2025-இல் வந்த முடிவு, சுற்றுப்பாதை 30, 40 டிகிரி சாய்ந்திருக்கிறது என்கிறது. நிம்மதியாகத் தூங்கலாம். சுருள் நேர்முகமாகவும் சுற்றுப்பாதை சாய்ந்தும் எப்படி இருக்க முடியும் என்பதுதான் இப்போது புதிர்.

சரி, உங்கள் டாப்சோனியனுக்கு வருவோம். டபிள்யூஆர் 140-இல் தொடங்காதீர்கள். தென்வானில் வேலா மண்டலத்தில் இருக்கும் காமா வேலோரத்தில் தொடங்குங்கள். வானத்திலேயே பிரகாசமான வுல்ஃப்-ராயே அதில்தான் இருக்கிறது, ஒளிர்வளவு (எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்) சுமார் 1.8, நகரத்திலிருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரியும். தெற்கே தாழ்வாக வருவதால் ஐரோப்பாவில் பெரும்பாலோருக்கு இது கிடைக்காது. சென்னையிலிருந்து உச்சத்தில் 30 டிகிரி உயரம், யாழ்ப்பாணத்திலிருந்து 33. நமக்கு இதில் கொஞ்சம் உரிமையும் உண்டு. இந்த ஜோடியின் சுற்றுக் காலம் 78.5 நாள் என்று கோடைக்கானல் ஆய்வக வெளியீட்டில் 1967-இல் எழுதியவர்கள் கே. எஸ். கணேஷும் வானியலாளர் வைணு பாப்புவும். பாப்பு வாழ்நாள் முழுக்க வுல்ஃப்-ராயே நட்சத்திரங்களை விடவில்லை. அடுத்து 1970-இல், ஆஸ்திரேலியாவின் நாராப்ரை குறுக்கீட்டுமானியை வைத்து, கார்பன் கோட்டில் இந்த நட்சத்திரம், கோடுகள் இல்லாத தொடர் ஒளியில் இருப்பதைவிட ஐந்து மடங்கு பெரிதாகத் தெரிகிறது என்று அளந்தார்கள். காற்றின் பருமனையே அளந்தது மாதிரி அது. அந்தக் கருவியை உருவாக்கிய ஹான்பரி ப்ரௌன் பிறந்தது நீலகிரி அருவங்காட்டில்.

தொலைநோக்கியைத் திருப்பியதும் 41 ஆர்க் விநாடி இடைவெளியில் இரண்டு நட்சத்திரங்கள் அழகாகப் பிரிந்து தெரியும். இதுதான் அந்த ஜோடி என்று நினைத்துவிடாதீர்கள், பலரும் அப்படி நினைக்கிறார்கள். மங்கலானது காமா 1, வேறு நட்சத்திரம். காற்று மோதும் ஜோடி பிரகாசமான புள்ளிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இனி, ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் கிரேட்டிங் ஒன்றை, மில்லிமீட்டருக்கு 100 கோடுகள் உள்ளதாக, வாங்குங்கள், ஸ்டார் அனலைசர் என்று விற்பது போதும். ஐபீஸின் ஃபில்டர் மரையில் அப்படியே திருகிக்கொள்ளலாம். நட்சத்திரத்தின் பக்கத்தில் வானவில் ரிப்பன் ஒன்று நீளும். முதலில் சிரியஸைப் பாருங்கள், வெறும் ரிப்பன். பிறகு காமா வேலோரம்: நீலத்தில் ஒரு பளிச், மஞ்சளில் இரண்டு பளிச். நீலத்தில் இருப்பது 4,650 ஆங்ஸ்ட்ராம் கார்பன் கூட்டம், மஞ்சளில் இருப்பவை நான் சொன்ன 5,696-உம் அதன் பக்கத்து 5,808-உம். 1,500 கிலோமீட்டர் வேகக் காற்றை நேராகக் கண்ணால் பார்க்கிறீர்கள். படம் எடுக்க டாப்சோனியனில் மோட்டார் இல்லையே என்று கவலை வேண்டாம். ரிப்பனுக்குக் குறுக்காக நட்சத்திரம் நகரும்படி கிரேட்டிங்கைத் திருப்பிவைத்து, ஒன்றிரண்டு விநாடி ஓடவிட்டால் ரிப்பன் தானே அகலமாகிக் கோடுகள் நன்றாகத் தெரியும்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பளிச்சுகள் 78 நாளில் முன்னும் பின்னும் ஆடுவது இந்தக் கிரேட்டிங்கில் தெரியாது. வுல்ஃப்-ராயே சுற்றும் வேகம் விநாடிக்கு 120 கிலோமீட்டர் அளவு, மஞ்சளில் அது இரண்டு ஆங்ஸ்ட்ராம் சொச்சம் நகர்த்தும். கிரேட்டிங் பிரித்துக் காட்டுவது பல பத்து ஆங்ஸ்ட்ராம். மோதலின் தடத்தை அளக்க வேண்டுமானால் பிளவு வைத்த ஸ்பெக்ட்ரோகிராஃபும், ஒழுங்காகப் பின்தொடரும் மவுன்டும் வேண்டும். அது லட்ச ரூபாய்க் கணக்கு. எடுத்த எடுப்பில் அதில் இறங்காதீர்கள். அதற்கு முன் செய்ய ஒன்று இருக்கிறது: டிஎஸ்எல்ஆர் கேமராவும் மலிவான டிராக்கரும் இருந்தால் வி444 சிக்னியின் கிரகணத்தை அளக்கலாம். எட்டாம் அளவு நட்சத்திரம், மறைப்பின் ஆழம் 0.3 அளவு, பழகியவர்களுக்கு எளிது. நிறை இழப்பைக் கணக்கிட உதவும் அதே நேரக் குறிப்புகளைத்தான் நீங்களும் எடுப்பீர்கள்.

இதெல்லாம் எதற்கு என்றும் நீங்கள் கேட்கலாம். ஓ வகை நட்சத்திரங்களில் 70 சதவீதத்துக்கும் மேல் வாழ்நாளில் எப்போதாவது துணையோடு பொருள் பரிமாறிக்கொள்கின்றன அல்லது இணைந்துவிடுகின்றன என்று 2012-இல் வந்த ஆய்வு சொல்கிறது. எது எவ்வளவு இழந்தது என்று தெரியாமல், அது எந்த அளவு கருந்துளையாக முடியும் என்று சொல்ல முடியாது.

திட்டமிடுவதானால் இரண்டு தேதிகள். காற்று மோதும் இன்னொரு ராட்சத ஜோடியான ஈட்டா கரினேயின் 5.5 வருடச் சுற்றை 1996-இல் பிரேசிலின் டமினேலி கண்டுபிடித்தார். அதன் அடுத்த அண்மைப் புள்ளி 2031 மார்ச் வாக்கில் வரும், கரினா மண்டலம் நமக்கு இரவில் நன்றாகத் தெரியும் மாதம். உயரம்தான் குறைவு, சென்னையில் 17 டிகிரி, கன்னியாகுமரியில் 22. எக்ஸ் கதிர் சில வாரங்கள் ஏறக்குறைய அணைந்துபோகும், நிறமாலையில் உயர் ஆற்றல் கோடுகள் மங்கும். டபிள்யூஆர் 140 கடைசியாக 2024 நவம்பரில் நெருங்கியது, அடுத்தது 2032 அக்டோபர் கடைசி. அது வடகிழக்குப் பருவமழைக் காலம், அதனால் தமிழ்நாட்டில் இருந்தபடி அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். எதை எடுத்தாலும் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். அந்த ஒரு வாரத்தில் மட்டும் எடுத்த நிறமாலையில் திமில் இருந்தாலும், திமில் இல்லாத நாள் எப்படி இருந்தது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.